பழைய பெரிய அகலப்புல இருகண்ணோக்கிகளை மதிப்பிடுதல்

பைனாகுலர் என்று பரவலாக அறியப்படும் இருகண்ணோக்கிகளில், முன்புற வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, ஒரே பார்வையில் தெரியும் பரப்பும் வழக்கத்தைவிட அகலமாக அமைந்தவை பெரிய அகலப்புல இருகண்ணோக்கிகள் எனப்படுகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்கடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளிலும் செய்யப்பட்ட இத்தகைய கருவிகள் பழைய பொருள் சந்தைகளிலும், ஓய்வுபெற்ற படைவீரர்கள், மலைத் தோட்டக்காரர்கள் ஆகியோரின் வீட்டு அலமாரிகளிலும் இன்றும் கிடைக்கின்றன. வானம் பார்ப்பவர்களும் பறவை நோக்குபவர்களும் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்று, அதே விலைக்குக் கிடைக்கும் புதிய கருவியைவிட மேலான காட்சியைத் தரலாம். கெட்டுப்போன ஒன்று தலைவலியைத்தான் தரும். பெரும்பாலும் அதைச் சரிசெய்யும் செலவு அதன் விலையைத் தாண்டிவிடும்.

மதிப்பீடு என்பது இங்கே விலை சொல்வதை மட்டும் குறிப்பதன்று. உடலில் பொறித்துள்ள எண்களும் பெயரும் அது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எப்படி இருந்தது என்பதையே சொல்கின்றன. ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அது எப்படி இருக்கிறது என்பதை வாங்குபவர் தாமே அளந்துதான் அறிய வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு கைவிளக்கு, ஓர் அளவுகோல், தொலைவில் ஒரு மலை, இரவில் சில விண்மீன்கள் போதும்.

சேலம் மாநகரின் வடபகுதியில் உள்ள அஸ்தம்பட்டி இவ்வகைச் சோதனைக்கு வாய்ப்பான இடம். ஏற்காடு செல்லும் சாலை இதன் வழியாகவே போகிறது. வடக்கே சேர்வராயன் மலைத்தொடர் அடிவானத்தை மறித்து நிற்பதால் தொலைவிலுள்ள கூரான விளிம்புகளுக்குக் குறைவில்லை. அருகிலேயே கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. 2010ஆம் ஆண்டு முதல் சேலம் மக்கள் குழுவின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் வளர்க்கப்பட்ட ஏரி இது. ஊர் ஏறத்தாழ 11.7 டிகிரி வட அகலாங்கில் அமைந்துள்ளதால் துருவ விண்மீன், தெற்குச் சிலுவை இரண்டையுமே இங்கிருந்து காணலாம். கீழே சொல்லப்படும் சோதனைகள் இந்த இடத்தை வைத்தே விளக்கப்படுகின்றன. வேறு ஊரில் இருப்பவர் தம் ஊர் மலையையும் ஏரியையும் வைத்து இவற்றைச் செய்துகொள்ளலாம்.

உடலில் பொறித்த எண்கள்

10×80 என்று எழுதியிருந்தால் முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 10×80 கருவியில் அது 8 மி.மீ., 7×50 கருவியில் 7 மி.மீ.க்குச் சற்று மேல், 20×60 கருவியில் 3 மி.மீ.

இந்த வட்டத்தைக் கண்ணின் பாவையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் இளைஞர் ஒருவரின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். அவர் 10×80 கருவியில் பார்த்தால் 8 மி.மீ. ஒளிவட்டத்தின் நடுவிலுள்ள 5 மி.மீ. மட்டுமே கண்ணுக்குள் போகிறது. அதாவது அவருக்கு அது 10×50 கருவிதான். மீதி 30 மி.மீ. கண்ணாடியின் எடையை மட்டும் அவர் சுமக்கிறார். பழைய பெரிய கருவியை வாங்க நினைப்பவர்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதால் இது சிறு செய்தியன்று.

பார்வைப்புலம் இரண்டு வகையாகக் குறிக்கப்படும். ஒன்று கோணமாக, 7.3 டிகிரி என்பது போல. மற்றொன்று 1000 மீட்டர் தொலைவில் தெரியும் அகலமாக, 128 மீட்டர் என்பது போல. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவற்றில் 1000 கெஜத்துக்கு இத்தனை அடி என்றிருக்கும். ஒரு டிகிரி என்பது 1000 மீட்டருக்கு 17.5 மீட்டர், 1000 கெஜத்துக்கு 52.5 அடி. புலக் கோணத்தை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கண்ணுக்குத் தோன்றும் அகலம் தோராயமாகக் கிடைக்கும். 10 மடங்கும் 7.3 டிகிரியும் சேர்ந்தால் 73 டிகிரி. 60 டிகிரிக்கு மேற்பட்டவற்றையே அகலப்புலம் என்று சொல்வது வழக்கம். சாதாரணக் கருவி 50 டிகிரி அளவில் நிற்கும். அதில் பார்ப்பது குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலவும், அகலப்புலத்தில் பார்ப்பது சன்னலைத் திறந்தது போலவும் இருக்கும்.

அகலப்புலம் வந்த வழி

இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்ற முப்பட்டக அமைப்பே இக்கருவிகளின் அடிப்படை. தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தவும், நீண்ட குழலை மடித்துக் குறுக்கவும் அது உதவுகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபேயின் வழிகாட்டலில் கார்ல் சைஸ் நிறுவனம் 1894இல் முப்பட்டக இருகண்ணோக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப்போரின்போது அங்கு பணியாற்றிய ஹைன்ரிக் எர்ஃப்ளே வடிவமைத்த கண்வில்லைத் தொகுதி பார்வையை 60 டிகிரிக்கு மேல் விரித்தது. 1920இல் வந்த டெல்ட்ரின்டெம் 8×30 கருவி 8.5 டிகிரிப் புலத்தைத் தந்தது. பின்னர் பல நாடுகளில் செய்யப்பட்ட அகலப்புலக் கருவிகளில் எர்ஃப்ளே வகைக் கண்வில்லையின் சாயலைக் காணலாம். அதன் குறையும் கூடவே வந்தது. நடுவில் கூர்மை, ஓரத்தில் கலங்கல் என்பதே அக்குறை.

இன்னொரு திருப்பம் வில்லைப் பூச்சு. பூசப்படாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பிவிடுகிறது. இருகண்ணோக்கியின் ஒரு குழலில் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். போவதோடு நில்லாமல் உள்ளே சிதறிக் காட்சியை வெளிறவும் செய்யும். சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு போருக்குப் பின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே 1930களின் கருவி எவ்வளவு புகழ்பெற்றதாயினும், பூச்சற்றதாக இருந்தால் 1960களின் சாதாரணப் பூச்சுக் கருவியைவிட மங்கலாகவே தெரியும். சேகரிப்பவருக்கு அது பொருட்டன்று. பயன்படுத்த வாங்குபவருக்குப் பொருட்டு.

பெயரும் முத்திரையும்

இந்தியாவில் கிடைக்கும் பழைய கருவிகள் சில ஊற்றுகளிலிருந்து வந்தவை. பிரித்தானியப் படைகளிடமிருந்து எஞ்சியவற்றில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருக்கும். அரசுச் சொத்து என்பதன் அடையாளம் அது. பார் அண்ட் ஸ்ட்ரௌட், ராஸ் போன்ற நிறுவனங்கள் கடற்படைக்கும் தரைப்படைக்கும் செய்த 7×50 கருவிகள் இவ்வகை. கனடாவில் செய்யப்பட்டவற்றில் அம்பைச் சுற்றி ஆங்கில எழுத்தான சி இருக்கும். போர்த் தேவைக்காக டேராடூனில் 1943இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை பின்னர் இந்தியப் படைகளுக்கான ஒளியியல் கருவிகளைச் செய்துவந்தது.

உண்மையிலேயே பெரிய அகலப்புலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜெர்மானிய விமான எதிர்ப்புப் படையின் 10×80 கருவிதான். புலம் சுமார் 7 டிகிரி. கண்வில்லைகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் தலையை அண்ணாந்து பிடிக்காமல் வானத்தைப் பார்க்கலாம். எடை 5 கிலோவைத் தாண்டும். போர்க்காலத்தில் தயாரிப்பாளர் பெயருக்குப் பதில் மூன்றெழுத்துக் குறி பொறிக்கப்பட்டது. பி.எல்.சி. என்றால் யேனாவின் சைஸ், பி.இ.எச். என்றால் லைட்ஸ், சி.எக்ஸ்.என். என்றால் ராட்டனோ நகரின் எமில் புஷ். பெயர் தெரியாத கருவி என்று மலிவாக விற்கப்படுவதில் இக்குறி இருந்தால் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

போருக்குப் பிந்தையவற்றில் கிழக்கு ஜெர்மனியின் யேனாவில் செய்த ஜெனாப்டெம் 10×50 அகலப்புலக் கருவி மதிக்கத்தக்கது. மேலே சொன்ன 7.3 டிகிரி அதனுடையதுதான். சோவியத் தயாரிப்பான டென்டோ 20×60 கருவி 20 மடங்கிலும் 3.5 டிகிரி தந்தது. சோவியத் கருவிகளின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். ஜப்பானியக் கருவிகளில் விற்பனைப் பெயர் பெரிய செய்தியன்று. ஒரே பட்டறையின் பொருள் பத்துப் பெயர்களில் விற்கப்பட்டது. கீலின் அடியிலோ முப்பட்டக மூடியிலோ பொறித்த ஜே.பி., ஜே.இ. எண்களைத் தேட வேண்டும். முதலாவது உடலைச் செய்தவரையும் இரண்டாவது கருவியை ஒருங்கிணைத்தவரையும் குறிக்கும். 1960கள், 70களில் ஜப்பானியப் பட்டறைகள் அகலப்புலத்தில் போட்டியிட்டன. புஷ்னல் ரேஞ்ச்மாஸ்டர் 7×35 கருவியின் புலம் 10 டிகிரி. அது பெரிய கருவியன்று, ஆனால் அக்காலத்தின் அகல மோகத்துக்கு நல்ல சான்று.

போலிகளும் உண்டு. பித்தளையில் பளபளக்கும், ராஸ் லண்டன் என்று பொறித்த அலங்காரக் கருவிகள் அண்மையில் வார்க்கப்பட்டவை. மேசையில் வைக்க அழகானவை, பார்க்க உதவாதவை. சுற்றுலாத் தலங்களின் கடைகளில் சிவப்பு மின்னும் வில்லையோடு 60×60 என்றெல்லாம் எழுதி விற்கப்படுபவற்றின் எண்களில் உண்மை இராது. 60×60 என்றால் ஒளிவட்டம் 1 மி.மீ. இருக்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்வில்லையில் தெரியும் வட்டத்தை அளவுகோலால் அளந்தால் 4 அல்லது 5 மி.மீ. இருப்பது தெரியும். அந்த ஓர் அளவே கருவியின் பொய்யைச் சொல்லிவிடும்.

கண்ணாடியின் உள்நிலை

முதலில் கருவியைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்க வேண்டும். உள்ளே ஏதாவது உருண்டால் முப்பட்டகமோ அதன் பிடிப்போ கழன்றிருக்கிறது. திருகுகளின் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ முன்பு திறந்திருக்கிறார்கள். கீல் தானாக விழாமல், வலிந்து தள்ளவும் தேவையில்லாமல் ஒரே இறுக்கத்தோடு நகர வேண்டும். குவியத் திருகிக்கும் அதே விதி.

பிறகு இருட்டறையில் முன்வில்லை வழியாகக் கைவிளக்கைப் பாய்ச்சி, கண்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சில தூசித் துகள்கள் கிடந்தால் கவலையில்லை, அவை காட்சியைக் கெடுப்பதில்லை. சிலந்திவலை போலக் கிளைத்துப் பரவியிருந்தால் பூஞ்சை. சீரான பால்போன்ற மங்கல் என்றால் குவியத் திருகியின் கிரீசிலிருந்து ஆவியாகி வந்த எண்ணெய்ப் படலம். வில்லையின் ஓரத்தில் வானவில் நிறக் கீற்றோ மஞ்சள் திட்டோ தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பிசின் விட்டுப்போகிறது என்று பொருள். இம்மூன்றில் எண்ணெய்ப் படலம் துடைத்தால் போகும். பூஞ்சை தொடக்க நிலையில் போகும், முற்றியது கண்ணாடியின் பரப்பையே அரித்திருக்கும். பிசின் பிரிவைச் சரிசெய்வது இங்கே ஏறத்தாழ நடவாத வேலை.

கருவி எந்த ஊரில் இருந்தது என்று விற்பவரிடம் கேட்பது பயனுள்ள கேள்வி. சேலம் சமவெளியின் கோடைவெப்பம் பழைய கிரீசை இளக்கி முப்பட்டகங்களின்மேல் ஏற்றும். ஏற்காட்டின் மழையும் மூடுபனியும் பூஞ்சையை வளர்க்கும். முப்பது கிலோமீட்டர் சாலைத் தொலைவுக்குள் இருவேறு நோய்கள். மலைவீட்டில் தோல் உறைக்குள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கருவி வெளியே புதிதுபோல மினுங்கினாலும், உள்ளே விளக்கடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பூச்சைச் சோதிக்கக் குழல்விளக்கின் பிம்பத்தை வில்லையில் பார்க்கலாம். வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லை. நீலமோ ஊதாவோ ஒற்றைப் பூச்சு. பச்சை கலந்த பல நிறங்கள் பல அடுக்குப் பூச்சு. ஒரே வில்லைத் தொகுதியில் பல பிம்பங்கள் தெரியும். வெளிப்பிம்பம் நீலமாகவும் உட்பிம்பங்கள் வெள்ளையாகவும் இருந்தால் தயாரிப்பாளர் வெளிப்பரப்பை மட்டும் பூசியிருக்கிறார்.

சொல்லப்பட்ட விட்டம் முழுவதும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கருவியைத் தொலைவுக்குக் குவித்து, கண்வில்லைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கைப்பேசி விளக்கைப் பிடித்து, முன்வில்லையை ஒட்டி வெள்ளைத் தாள் வைத்தால் ஒளிவட்டம் விழும். அதன் விட்டமே கருவியின் உண்மையான துளை. 80 என்று எழுதியதில் வட்டம் 70 மி.மீ. மட்டுமே விழுந்தால் உள்ளே ஏதோ ஒரு தடுப்பு ஒளியை வெட்டுகிறது. கண்பக்க ஒளிவட்டம் வட்டமாக இல்லாமல் சதுரச் சாயலோடு ஓரங்களில் சாம்பல் படிந்து தெரிந்தால், முப்பட்டகம் அகலப்புலத்துக்கு ஏற்ற பேக்-4 கண்ணாடியால் ஆனதன்று, பி.கே.-7 வகை என்று கொள்ளலாம். இது குறைதான், ஆனால் விலக்கத்தக்க குறையன்று. நல்ல பெயர் பெற்ற பழைய கருவிகள் சிலவற்றிலும் இது உண்டு.

இரு குழல்களின் அச்சு

எல்லாச் சோதனைகளிலும் இதுவே முதன்மையானது. இரண்டு குழல்களும் ஒரே திசையை நோக்கினால்தான் இரண்டு பிம்பங்களும் மூளையில் ஒன்றாகும். கருவி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், முப்பட்டகம் மயிரிழை நகர்ந்து அச்சு விலகிவிடும். உருப்பெருக்கம் இந்த விலகலையும் பெருக்கும். 10 மடங்குக் கருவியில் சிறு விலகல் கண்ணுக்குப் பத்து மடங்காக வந்து சேரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கண்கள் உள்நோக்கித் திரும்பப் பழகியவை, படிக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்கின்றன. ஆகவே பிம்பங்கள் அந்தப் பக்கம் விலகியிருந்தால் கண் தானாக ஈடுசெய்துகொள்ளும். வெளிப்புறமாகத் திரும்ப அவை மிகச் சிறிதளவே இசையும். ஒரு கண் மேலும் மற்றது கீழுமாகப் போக ஏறத்தாழ இசையாது. கடையில் நின்று அரை நிமிடம் பார்ப்பவருக்குக் கண் ஈடுசெய்துவிடுவதால் கருவி நன்றாக இருப்பதாகவே தோன்றும். வீட்டுக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் பார்த்த பிறகுதான் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும். பழைய கருவி வாங்கி ஏமாந்தவர்களின் கதைகளில் பெரும்பாலானவை இந்த இருபது நிமிடத்துக்குள் அடங்கும்.

பகலில் சோதிக்க, கருவியைத் தாங்கியில் நிறுத்தி மலை முகட்டின் கிடையான ஒரு விளிம்பை நோக்கித் திருப்ப வேண்டும். அஸ்தம்பட்டியின் மொட்டைமாடிகளிலிருந்து சேர்வராயன் மலை முகடு இதற்குப் பொருத்தமானது. இலக்கு குறைந்தது ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், எதிர்வீட்டுச் சுவர் உதவாது. காட்சி தெளிவானதும் தலையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் காட்சி இரண்டு தனித்தனி வட்டங்களாகச் சுருங்கும். அப்போது மூளை இணைப்பதை விட்டுவிடும். இரு வட்டங்களிலும் முகட்டுக் கோடு ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரவுச் சோதனை இன்னும் நுட்பமானது. ஒளிமிக்க விண்மீன் ஒன்றை நோக்கி, ஒரு குழலைக் கூர்மையாகக் குவித்து, மற்றதை முழுவதும் குவியம் கலைத்துவிட வேண்டும். ஒரு கண்ணில் புள்ளியும் மற்றதில் பெரிய ஒளித்தட்டும் தெரியும். இரண்டுக்கும் உருவ ஒற்றுமை இல்லாததால் மூளை அவற்றை வலிந்து சேர்க்காது. புள்ளி தட்டின் நடுவில் விழுந்தால் அச்சு சரி. தட்டுக்கு வெளியே போனால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதே சோதனையைக் கீலை விரித்தும் குறுக்கியும் செய்ய வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில கருவிகளை, பழுதுபார்த்தவர் தம் கண் இடைவெளிக்கு மட்டும் சரிசெய்திருப்பார். அந்த இடைவெளியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், கீலை அசைத்தால் பிம்பங்கள் பிரியும். தந்தைக்குப் பொருந்திய கருவி மகளுக்குத் தலைவலி தருவது இதனால்தான். குடும்பத்தில் பலரும் பார்க்க வாங்கும் கருவியில் இது ஏற்கத்தக்கதன்று.

பார்வைப்புலத்தை அளத்தல்

புலத்தை விண்மீன்களைக் கொண்டே அளக்கலாம். வான நடுக்கோட்டில் உள்ள விண்மீன் ஒரு டிகிரி நகர 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஓரியன் உருவின் இடைக்கச்சையிலுள்ள மூன்று விண்மீன்களில் முதலில் உதிக்கும் மின்டாகா நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. தாங்கியில் அசையாமல் நிறுத்திய கருவியில் அது ஓர் ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வழியாக மறு ஓரம் சேரும் நேரத்தை நிமிடங்களில் எடுத்து நான்கால் வகுத்தால் புலம் டிகிரியில் கிடைக்கும். 7 டிகிரிக் கருவிக்கு 28 நிமிடம். சேலத்தில் மின்டாகா உச்சிக்கு 12 டிகிரி அருகே வருவதால், நேர்குழல் கருவியில் அப்போது அளக்க முயன்றால் கழுத்துதான் வலிக்கும். டிசம்பர் மாத முன்னிரவில் அது கிழக்கே பாதி உயரத்தில் இருக்கும்போது அளப்பது எளிது.

அரைமணி நேரம் காத்திருக்க விரும்பாதவர் விண்மீன் இணைகளைப் பயன்படுத்தலாம். புனர்பூசத்தின் இரட்டையரான காஸ்டரும் போலக்சும் 4.5 டிகிரி இடைவெளியில் உள்ளன. சப்தரிஷி மண்டலத்தில் துருவத்தைக் காட்டும் இரு விண்மீன்களுக்கு இடையே 5.4 டிகிரி. தெற்குச் சிலுவையின் நெடுக்கு 6 டிகிரி. திருவாதிரைக்கும் ஓரியனின் மறுதோளில் உள்ள பெல்லாட்ரிக்சுக்கும் இடையே 7.5 டிகிரி. 7.3 டிகிரி என்று பொறித்த கருவியில் கடைசி இணை ஒருசேரத் தெரியக் கூடாது, சிலுவை தாராளமாக அடங்க வேண்டும். பழைய ஜப்பானியக் கருவிகள் சிலவற்றில் பொறித்த எண் உண்மையைவிடச் சற்றுத் தாராளமானது.

அகலம் எவ்வளவு என்பதோடு அதில் எவ்வளவு பயன்படும் என்பதும் கேள்வி. விண்மீனை நடுவில் வைத்துக் கூர்மையாக்கி, கருவியை மெல்ல நகர்த்தி அதை ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே புள்ளி வீங்கத் தொடங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். அங்கேயே குவியத்தைத் திருத்தினால் மீண்டும் புள்ளியாகிறது என்றால் அது புலத்தின் வளைவு. இளங்கண்கள் இதைத் தாமே ஈடுசெய்துகொள்ளும். எவ்வளவு திருத்தியும் சிறகு விரித்த பறவைபோலவோ சிலுவைபோலவோ நின்றால் அது வில்லையின் பிறவிக்குறை. பழைய அகலப்புலக் கருவிகளில் நடுவிலிருந்து ஓரம்வரையான தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு கூர்மையாக இருந்தால் நல்ல கருவி என்றே கொள்ளலாம். ஓரம்வரை ஊசிமுனையை எதிர்பார்ப்பவர் இன்றைய விலைமிக்க கருவிகளைத்தான் நாட வேண்டும். கலங்கிய ஓரமும் வீணன்று. கண் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் எழும் அசைவை அது காட்டிக்கொடுக்கிறது.

அகலக் கண்வில்லைகளில் கண்ணை மிக ஒட்டி வைத்தால்தான் முழுப்புலமும் தெரியும். கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றாமல் பார்த்தால் பாதிப் புலத்தை இழக்கலாம். கிட்டப்பார்வை, எட்டப்பார்வை மட்டும் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிக் குவியத்தைத் திருத்திப் பார்க்கலாம். சிலிண்டர் குறை உள்ளவருக்கு அது உதவாது. அவர் தம் கண்ணாடியோடு சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

பகலில் ஏரி, இரவில் வானம்

மூக்கனேரியில் வெயில் நேரத்தில் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். 10×80 கருவி அப்போது 10×25 போலவே வேலை செய்யும். ஒளியில் ஆதாயம் இல்லை. கண்ணை வைக்கும் இடம் சற்றுப் பிசகினாலும் காட்சி மறையாது என்ற வசதி மட்டும் உண்டு. ஆனால் தரத்தைச் சோதிக்கப் பகல் ஏரி நல்ல இடம். திட்டிலுள்ள கரும்பச்சை மரத்தில் வெண்கொக்கு அமர்ந்திருந்தால் அதன் விளிம்பைக் கவனிக்க வேண்டும். ஒருபுறம் ஊதா, மறுபுறம் மஞ்சள் கசிவது நிறப்பிறழ்ச்சி. நடுப்புலத்தில் அது மெல்லியதாக இருக்க வேண்டும். கொக்கின் வெண்மை சுற்றியுள்ள பச்சையிலும் பரவி வெளிறினால் உள்ளே படலமோ பூச்சிழப்போ இருக்கிறது. நீரில் மூழ்கி எழும் முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் தொடரும்போது அகலப்புலத்தின் அருமை தெரியும். மூழ்கிய பறவை எங்கே எழுந்தாலும் காட்சிக்குள்ளேயே எழும்.

இரவில் நகர ஒளி கணக்கை மாற்றுகிறது. அஸ்தம்பட்டி போன்ற விளக்கடர்ந்த இடத்தில் பெரிய ஒளிவட்டம் விண்மீனோடு வானத்தின் வெளிச்சத்தையும் சேர்த்துப் பெருக்கும். பின்புலம் சாம்பலாக வெளிறும். அதே 80 மி.மீ. விட்டத்தில் 15 அல்லது 20 மடங்குக் கருவி பின்புலத்தை இருட்டாக்கி, மங்கலான விண்மீன்களைக் கூடுதலாகக் காட்டும். ஆகவே நகர மாடியிலிருந்து மட்டும் பார்க்கப்போகிறவர் 10×80 அகலப்புலக் கருவிக்குப் பெருவிலை கொடுப்பது சரியான தேர்வன்று. ஏற்காட்டுக்கோ விளக்கில்லாத வயல்வெளிக்கோ அவ்வப்போது எடுத்துப்போக முடிந்தவருக்கு அதற்கு ஈடான கருவி குறைவு. கார்த்திகைக் கூட்டமும், ரோகிணியை ஒட்டிய ஹயாடிஸ் கூட்டமும், தனுசு ராசிப் பகுதியின் பால்வழியும் புலத்துக்குள் முழுமையாக அடங்கி நிற்கும். ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து மே மாத முன்னிரவில் இங்கே தெற்கில் 31 டிகிரி உயரம்வரை எழும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து அதைக் காணவே முடியாது.

பெரிய இருகண்ணோக்கிகள் கண்டுபிடிப்புகளுக்கும் உதவியிருக்கின்றன. இங்கிலாந்தின் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஆல்காக் 1983 மே மாதம் தம் வீட்டுக்குள்ளிருந்தே, மூடிய சன்னல் வழியாக, 15×80 கருவியால் ஒரு வால்மீனைக் கண்டார். ஐராஸ்–அராக்கி–ஆல்காக் என்று பெயர்பெற்றது அது. ஜப்பானின் யூஜி ஹயாகுட்டாகே 1996 ஜனவரி இறுதியில் 25×150 கருவியால் கண்ட வால்மீன் அந்த ஆண்டு மார்ச்சில் வெறுங்கண்ணுக்கே நீண்ட வாலோடு தெரிந்தது.

பழுதும் விலையும்

விலை பேசும்போது குறைகளை ஒரே தராசில் வைக்கக் கூடாது. உடலில் வண்ணம் உதிர்ந்திருப்பது, தோல் உரிந்திருப்பது, உள்ளே சில தூசிகள் ஆகியவை விலையைக் குறைக்கும் காரணங்கள் மட்டுமே. பார்வையை அவை பாதிப்பதில்லை. இறுகிய கிரீசும் எண்ணெய்ப் படலமும் தகுந்தவர் கையில் சரியாகக்கூடியவை. அச்சு விலகல், பிசின் பிரிவு, முற்றிய பூஞ்சை, உடைந்த முப்பட்டகம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும், கருவி அரியதாக இருந்தாலன்றி வாங்காமல் விடுவதே நல்லது. மாற்று உதிரிப்பாகம் என்று எதுவும் கிடைக்காது. பெரும்பாலும் அதேபோன்ற இன்னொரு பழுதடைந்த கருவிதான் உதிரிப்பாகம்.

அச்சைத் திருத்த, நிழற்படக் கருவி பழுதுபார்ப்பவரைவிட நில அளவைக் கருவிகளைச் சீர்செய்பவரை அணுகுவது ஏற்றது. லெவல், தியோடலைட் கருவிகளைச் சரிபார்க்க அவர்கள் கோலிமேட்டர் வைத்திருப்பார்கள், இணையச்சு என்றால் என்ன என்பதும் அவர்களுக்குப் புதிதன்று. வீட்டில் திருகாணி கொண்டு முயல்வதைத் தவிர்க்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் முன்வில்லை இரண்டு மையப்பிறழ் வளையங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் திருப்பினால் அச்சு இரு திசையிலும் ஒருசேர நகரும். வெறுங்கண்ணால் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

தாங்கியையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 10 மடங்குக்கு மேற்பட்ட பெரிய கருவியைக் கையில் ஏந்திப் பார்த்தால் நடுக்கம்தான் தெரியும். ஜெர்மானிய 10×80 கருவியின் அடிப்பொருத்து இன்றைய நிழற்படத் தாங்கிகளில் சேராது. அதன் சொந்தப் பிடிப்பு தொலைந்திருந்தால் புதிதாக ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ள நேரும்.

சேமிப்பு

வாங்கிய கருவியைப் பழைய தோல் உறையில் வைப்பது பலரும் செய்யும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துப் பூஞ்சைக்கு இடங்கொடுக்கும். உறையைத் தனியாகப் பாதுகாத்து, கருவியைக் காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். துணி அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டையையும் கற்பூரத்தையும் கருவியோடு வைக்கக் கூடாது. ஆவியாகி வில்லையில் படியும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்ததும் குளிர்ந்த கருவியை உடனே திறக்காமல், பெட்டிக்குள்ளேயே ஊரின் வெப்பத்துக்கு வரவிட்டால் வில்லைகளில் நீர் கோக்காது.

சூரியனை இக்கருவிகளால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. 80 மி.மீ. வில்லை குவிக்கும் வெயில் நொடியில் விழித்திரையைச் சுட்டுவிடும். கிழக்கு நோக்கிய சன்னலருகே கருவியைத் தாங்கியில் மூடியின்றி விட்டுச்செல்வதும் ஆபத்தே. காலை வெயில் முன்வில்லை வழியாக இறங்கிக் கண்வில்லையின் பிசினை உருக்கலாம், எதிரே திரைச்சீலை இருந்தால் தீயும் பிடிக்கலாம். மூடிகள் தொலைந்துபோன பழைய கருவிக்குத் தடித்த கறுப்புத் துணியில் இரண்டு பைகள் தைத்துப் போட்டால் போதுமானது.